வேருக்கும் மூச்சு வேண்டும்

அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பதினேழு ஆண்டுகள் பணியாற்றியிருக்கிறேன். தாவரங்களின் எல்லா உயிருள்ள பாகங்களும் சுவாசிக்கின்றன, வேரும் சுவாசிக்கிறது என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் 2022 ஜூன் வரை என் கையால் ஒரு வெண்டைச் செடிகூட வளர்த்ததில்லை. அந்த மாதம்தான் மொட்டை மாடி உள்ள வீட்டுக்குக் குடிவந்தோம். தோட்டம் போட வேண்டும் என்ற ஆசையும் வந்தது.

எங்கள் விருத்தாசலம் பீங்கான் ஊர். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே உள்ள மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. அதையொட்டி இங்கே பீங்கான் தொழிற்பேட்டை வளர்ந்தது. பொம்மை, ஜாடி, மின்கம்பத்து இன்சுலேட்டர் என்று பலவும் இங்கிருந்து போகின்றன. பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயம் தரும் அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. இந்த ஊரில் தொட்டிக்கா பஞ்சம் என்று நினைத்து, வாய் கோணியதால் தள்ளுபடியில் கிடைத்த ஊறுகாய் ஜாடிகள் நான்கை வாங்கி வந்தேன். அகன்ற வாய், பளபளவென்ற பழுப்பு நிறம். கொல்லையில் இருந்த செம்மண்ணை அள்ளி நிரப்பி, நான்கிலும் தக்காளி நாற்று நட்டேன்.

ஒரு வாரம் நன்றாக நின்றன. பிறகு அடியிலைகள் மஞ்சளாயின, உச்சி மதியத்தில் செடிகள் துவண்டன. தண்ணீர் போதவில்லை என்று காலை, மாலை இரண்டு வேளையும் ஊற்றினேன். மேலும் துவண்டன. மேலும் ஊற்றினேன். மூன்றாவது வாரம் ஒரு செடியைப் பிடித்து இழுத்தபோது எதிர்ப்பே இல்லாமல் வந்துவிட்டது. வேர் பழுப்பாகி, சாக்கடை நாற்றம் அடித்தது.

எட்டாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னேன். அந்த வகுப்பில் ஒரு மாணவியின் தாயார் பொம்மைப் பட்டறையில் அச்சு ஊற்றும் வேலை பார்க்கிறார். அவள் கேட்டாள்: "டீச்சர், கிளேஸ் போட்ட ஜாடியில தண்ணி எப்படி டீச்சர் வெளிய போகும்? ஓட்டை போட்டீங்களா?" போடவில்லை என்றேன். வகுப்பே சிரித்தது. ஒருமுறை மட்டும் சுட்டு, கிளேஸ் பூசாத பொம்மையை நாக்கில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், கிளேஸ் பூசிச் சுட்ட பிறகு ஒட்டாது என்று அவள் விளக்கினாள். பட்டறையில் பாரிஸ் சாந்து அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றுவார்கள். அச்சின் நுண்துளைகள் கூழிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும், சுவரோரம் களிமண் படிந்து பொம்மையின் உடல் உருவாகும். நுண்துளை என்றால் என்ன என்பது அவளுக்கு வீட்டுப் பாடம். எனக்கு அது புத்தகப் பாடமாக மட்டுமே இருந்தது.

நடந்தது இதுதான். மண் துகள்களுக்கு இடையே உள்ள இடைவெளிகளில் பாதி நீரும் பாதி காற்றும் இருந்தால் வேருக்கு நல்லது. நீர் வடிய வழியில்லாத ஜாடியில் அந்த இடைவெளிகள் எல்லாம் நீரால் நிரம்பிவிடுகின்றன. ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். வேர் செல்கள் சுவாசிக்க முடியாவிட்டால் அவற்றுக்கு ஆற்றல் இல்லை, வேரால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே நீரில் மூழ்கிக் கிடக்கும் செடி நீரில்லாத செடியைப் போலவே வாடுகிறது. புதிதாகத் தோட்டம் போடுபவர் அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுகிறார். பெரும்பாலான தொட்டிச் செடிகள் இப்படித்தான் சாகின்றன என்பது என் எண்ணம். நம்மில் யாரும் செடியைத் தாகத்தில் விட்டுவிட மாட்டோம், அன்பால்தான் கொல்லுகிறோம்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு முந்தைய பருவத் தேர்வில் "தாவரம் வாடக் காரணம் என்ன?" என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டிருந்தேன். நீர்ப் பற்றாக்குறை என்பது நான் எதிர்பார்த்த விடை. ஒரு மாணவன் "தண்ணி கட்டி நின்னாலும் வாடும்" என்று எழுதியிருந்தான். பேச்சுத் தமிழில் எழுதியதற்கும், விடை தவறு என்பதற்கும் சேர்த்துப் பெருக்கல் குறி போட்டேன். அவன் வீட்டில் மணிலாவும் உளுந்தும் போடுகிறவர்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் வடியாத வயலில் உளுந்து எப்படி நிற்கும் என்று பார்த்தவன் அவன், பார்க்காதவள் நான். தக்காளி செத்த பிறகு அவனைக் கூப்பிட்டு, உன் விடை சரி, மதிப்பெண்ணைத் திருத்துகிறேன், தாளைக் கொண்டு வா என்றேன். "அது எங்க டீச்சர் இருக்கு, அப்பவே கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றான். மதிப்பெண் பதிவேட்டில் திருத்தினேன்.

தொட்டி நிலம் அல்ல என்பதை வகுப்பில் காட்ட எளிய சோதனை ஒன்று உண்டு. பாத்திரம் தேய்க்கும் செவ்வக ஸ்பாஞ்சை நீரில் நன்றாக ஊறவைத்து, படுக்கை வாட்டில் தட்டையாகத் தூக்கிப் பிடியுங்கள். கொஞ்ச நேரம் சொட்டி நின்றுவிடும். பிழியாமல், அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடி நீர் சொட்டும். ஸ்பாஞ்சும் நீரும் அதேதான், உயரம் மட்டுமே மாறியது. தொட்டி குட்டையாக இருந்தால் மண்ணின் பெரும்பகுதி சொதசொதவென்றே இருக்கும், உயரமானால் மேல்பகுதியில் காற்று புகும் என்பதைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். தொட்டியின் அடியில் ஜல்லி போட்டால் நன்றாக வடியும் என்று பலரும் சொல்வார்கள், நானும் நம்பினேன். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது. மேலுள்ள மண் நீரால் நிறைந்த பிறகே இறங்கும். ஆகவே ஜல்லி போட்டால் வேருக்கான உயரம்தான் குறைகிறது. துளையின் மேல் மண் ஒழுகாமலிருக்க ஓட்டுத் துண்டு ஒன்றைக் கவிழ்த்தால் போதும்.

ஜாடிகளை நான் தூக்கி எறியவில்லை. டைல்ஸ் ஒட்டும் தொழிலாளி ஒருவர் டைல்ஸுக்கான துரப்பணத்தால், இடத்தை ஈரமாக வைத்துக்கொண்டு மெதுவாகத் துளையிட்டார். ஒன்று விரிந்துவிட்டது, மூன்று தப்பின.

இரண்டாவது முறை மண்ணையும் மாற்றினேன். எங்கள் பக்கத்துச் செம்மண் தனியாகத் தொட்டியில் இருந்தால் நாலைந்து முறை தண்ணீர் ஊற்றியதும் இறுகிவிடுகிறது. செம்மண், தென்னை நார்க் கழிவு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் மூன்றும் சம பங்கு கலந்தேன். நார்க் கழிவில் உப்பு இருக்கலாம் என்பதால் இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். மக்காத சாணத்தை ஒருபோதும் போடாதீர்கள், அதன் சூட்டில் நாற்று கருகும். தண்ணீருக்கு நேர அட்டவணை வேண்டாம். ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விடுங்கள். ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் இல்லை. உலர்ந்திருந்தால் அடித்துளையில் நீர் வரும்வரை ஊற்றுங்கள். சித்திரை வெயிலில் தினமும் கேட்கும், கார்த்திகையில் வாரக்கணக்கில் கேட்காது.

முதலில் எதைப் பயிரிடுவது? தக்காளி வேண்டாம். அதற்கு நாற்று விட வேண்டும், கம்பு கட்ட வேண்டும், நோயும் அதிகம். கீரையில் தொடங்குங்கள். தண்டுக்கீரை விதை கடுகைவிடச் சிறியது. மணலோடு கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்வை போட்டு, பூவாளியால் தெளித்தால் 25 நாளில் இளங்கீரையாகப் பறிக்கலாம். தோற்றாலும் ஒரு மாதத்துக்குள் மறுபடி விதைக்கலாம் என்பதுதான் கீரையின் பெரிய நன்மை. எனக்கு முதல் விதைப்பை எறும்பு கொண்டுபோயிற்று.

அடுத்தது வெண்டை. நேரடியாகக் குழிக்கு இரண்டு விதை. ஒரு வாரத்துக்குள் முளைக்கும், சுமார் 45 நாளில் காய் வரும். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடும். வெண்டையில் இலை நரம்புகள் மஞ்சளானால் அது வெள்ளை ஈ பரப்பும் நரம்புத் தேமல் வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்கிவிட வேண்டும், மருந்து கிடையாது. பெங்களூரு இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா அனாமிகா ரகம் இந்த நோயை ஓரளவு தாங்கும். மாவுப்பூச்சி, அசுவினிக்கு ஒரு லிட்டர் நீரில் 30 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கிறேன். வெயிலில் தெளித்து ஒருமுறை இலைகளைக் கருக்கியிருக்கிறேன்.

வகுப்பறைக்கு ஒரே ஒரு பயிர் என்றால் நான் மணிலாவைத்தான் சொல்வேன். இது எங்கள் ஊர்ப் பயிர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை ரகங்கள் 'விஆர்ஐ' என்று ஊரின் பெயரையே சுமக்கின்றன. பூ மேலே பூக்கிறது, காய் மண்ணுக்குள் காய்க்கிறது. கருவுற்ற பூவின் அடியிலிருந்து விழுது நீண்டு மண்ணைத் தேடி இறங்குவதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்க வேண்டும். இறுகிய மண்ணில் விழுது இறங்காது. காய் திரளச் சுண்ணாம்புச் சத்து வேண்டும், அதை வளரும் காயே மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். அதனால்தான் விவசாயிகள் 40–45ஆம் நாளில் ஜிப்சம் இட்டு மண் அணைக்கிறார்கள். பாரிஸ் சாந்து செய்வதும் ஜிப்சத்தை வறுத்துத்தான் என்று சொன்னதும், உடைந்த அச்சைப் பொடித்துப் போடலாமா என்று ஒருவன் கேட்டான். அருமையான கேள்வி. வேதியியல்படி சரிதான், ஆனால் பட்டறைக் கழிவில் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாமல் உண்ணும் பயிருக்குப் போட வேண்டாம் என்றேன்.

பழத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் தரையில் கொஞ்சம் இடமிருந்தால் பப்பாளி வைக்கலாம். தின்ற பழத்தின் விதையைப் போட்டால் ஆண் மரம் வந்து ஏமாற்றலாம். கோவை 7 ரகத்தில் பெண் மரமோ இருபால் மரமோதான் வரும், எல்லாம் காய்க்கும். பப்பாளிக்கும் தண்ணீர் நின்றால் ஆகாது, அடித்தண்டு அழுகிவிடும். மேடு கட்டி நடுங்கள். விதை, கன்று, ஆலோசனைக்கு எங்களுக்கு ஊரிலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலும் ஒன்று இருக்கும், தோட்டக்கலைத் துறை அலுவலகமும் இருக்கும். போய்க் கேளுங்கள்.

ஆசிரியர் தோட்டத்துக்கு வரும் பெரிய சோதனை மே மாத விடுமுறை. அதற்கும் பானைதான் கைகொடுத்தது, இந்த முறை கிளேஸ் இல்லாத மண்பானை. கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, நீர் நிரப்பி மூடிவிட வேண்டும். சுற்றியுள்ள மண் காய்ந்தால் பானைச் சுவரின் நுண்துளை வழியே நீர் கசியும், மண் நனைந்ததும் கசிவு குறையும். மரக்கன்றுகளுக்கு நம் ஊரிலும் இதைச் செய்வார்கள். சீனாவில் கி.மு. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பான் ஷெங்ழியின் வேளாண் நூலிலேயே, புதைத்த குடத்தைச் சுற்றி நான்கு பழக்கொடி விதைகளை ஊன்றும் முறை வருகிறது.

சென்ற மே மாதம் பாகல் கொடிக்குப் பக்கத்தில் ஒரு பானையைப் புதைத்துவிட்டு, எட்டு நாள் சொந்த ஊருக்குப் போய் வந்தோம். நடுவில் ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா பானையை நிரப்பியிருக்கிறார். திரும்பியபோது மாடியில் பையில் இருந்த தக்காளி காய்ந்து சருகாகிவிட்டது. பாகல் பச்சையாக நின்றது. பறிக்க ஆளில்லாமல் ஒரு காய் பழுத்து, ஆரஞ்சு நிறத்தில் வெடித்து, சிவந்த சதையோடு விதைகளைக் காட்டிக்கொண்டிருந்தது. கழுவி நிழலில் உலர்த்தினேன். பதினான்கு விதைகள். பள்ளி திறந்ததும் எட்டாம் வகுப்புக்குக் கொண்டுபோனேன்.