ஒற்றை அறை வீட்டில் கவனம்

1912 மார்ச் 1ஆம் தேதி, சென்னைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் இருபத்து நான்கு வயது இளைஞர் ஒருவர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 30 ரூபாய். கணக்கைச் சரிபார்ப்பதும் இருப்பைக் கூட்டிப் பார்ப்பதும் வேலை. அதைச் சீக்கிரம் முடித்துவிட்டு, மிச்ச நேரத்தில் தன் சொந்தக் கணக்குக்குப் போய்விடுவார். தாள் வாங்கக் கட்டுப்படியாகாது. சரக்கு சுற்றி வந்த காகிதத்தைத் துறைமுகத்திலேயே தேடி எடுத்துக்கொள்வார். பத்து மாதம் கழித்து, 1913 ஜனவரி 16 அன்று, கேம்பிரிட்ஜில் இருந்த கணிதவியலாளர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதத்தோடு நூறுக்கும் மேற்பட்ட தேற்றங்கள் போயின. சீனிவாச ராமானுஜன் கதையில் எல்லோருக்கும் தெரிந்த பகுதி இது.

அவ்வளவாகப் பேசப்படாத ஒருவரும் அதே அலுவலகத்தில் இருந்தார். தலைமைக் கணக்கர் எஸ். நாராயண அய்யர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் நடத்தியவர். துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்தான் அவரை இங்கே அழைத்து வந்தார். வேலை முடித்த குமாஸ்தாவின் மேஜையில் வேறு காகிதம் இருப்பதை நாராயண அய்யர் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. இரவுகளில் திருவல்லிக்கேணியில் தன் வீட்டு மாடியில் ராமானுஜனோடு உட்கார்ந்தார். ஆளுக்கொரு சிலேட்டு. பலப்பம் கிறீச்சிடும் சத்தம் வீட்டாருக்குத் தொந்தரவாகும் வரை நேரம் போகும். இடைப்படிகளை விட்டுவிடாமல் எழுதும்படி ராமானுஜனை வற்புறுத்தியவரும் அவர்தான். ஜார்ஜ் டவுன் சைவ முத்தையா முதலித் தெருவில் ராமானுஜன் இருந்ததோ சின்ன வீடு. பாட்டி, பிறகு அம்மா, மனைவி ஜானகி எல்லோரும் அதற்குள்தான்.

மேதைமை ராமானுஜனுடையது. அது வேலை செய்ய ஒரு மேலதிகாரியின் சம்மதமும், ஒரு மாடியும், கூட உட்கார ஒருவரும் கிடைத்ததை நாம் சொல்ல மறந்துவிடுகிறோம்.

கவனச் சிதறலைப் பற்றி இப்போது வரும் அறிவுரைகள் பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொள்ளச் சொல்லித்தான் ஆரம்பிக்கின்றன. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் பல போர்ஷன் வீடுகளில் சாத்துவதற்குத் தனிக் கதவே கிடையாது. பகலில் ஹால், ராத்திரி படுக்கையறை, பரீட்சை நேரத்தில் படிக்கும் அறை எல்லாம் ஒன்றுதான். இப்படிப்பட்ட வீட்டில் பாட்டு எழுதுகிறவருக்கும் படம் வரைகிறவருக்கும் மனஉறுதி மட்டும் போதாது. கூட இருக்கிறவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், அதை அவர்களிடம் வாய்விட்டுக் கேட்கவும் வேண்டும்.

ஏன் என்று பார்ப்போம். காசிமேடு பக்கம் ஒரு வீட்டில் குறும்படம் எடிட் செய்யும் பையன் ஒருவனை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்போனில் கப்பல் சங்கு ஒலிக்கிறது. அந்த ஒலியை இந்த ஷாட்டில் வெட்டாமல் அடுத்த ஷாட்டுக்குள் இழுத்துக்கொண்டு போகலாமா என்று யோசிக்கிறான். போனால், நடிகர் தலையைத் திருப்பும் இடத்துக்கு முன்னாலேயே வெட்டியாக வேண்டும். அப்படி வெட்டினால் ஆறு நிமிடத்துக்கு முன்னால் வந்த இதே சங்கொலியோடு இது சேருமா? இந்த மூன்று கேள்வியும் ஒரே சமயத்தில் மனதில் நின்றால்தான் விடை வரும். அந்த நேரத்தில் போன் ஒருமுறை அதிர்கிறது. உறவினர் குழுவில் யாருக்கோ பிறந்தநாள், கேக் படம். பார்க்க ஐந்து நொடி. திரும்பி வரும்போது சங்கொலி காதில் இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றிக் கட்டியிருந்த யோசனை கலைந்துபோயிற்று. மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும்.

இது சோம்பேறித்தனம் அல்ல. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது மனதின் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டினார். பழையது அரைகுறையாக நின்றிருந்தால் ஒட்டல் இன்னும் அதிகம். கலிபோர்னியாவில் குளோரியா மார்க் பல ஆண்டுகளாக மக்கள் கணினித் திரையைப் பார்க்கும் விதத்தை அளந்து வருகிறார். 2004 வாக்கில் ஒருவர் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நின்றார். அண்மை ஆண்டுகளில் அது 47 நொடிக்கு வந்துவிட்டது. அவர் ஆய்வில் என்னை உலுக்கியது வேறு ஒரு செய்தி: பிறர் நம்மைக் குறுக்கிடுவதற்குக் கிட்டத்தட்ட ஈடாக நாமே நம்மைக் குறுக்கிட்டுக்கொள்கிறோம். போன் அதிராவிட்டாலும் கை அதைத் தேடிப் போகிறது.

கை தேடிப் போகும்படி அதைச் செய்துவைத்திருக்கிறார்கள். கீழே தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார். 2020 ஜூன் கடைசியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இங்கே ரீல்ஸ் வந்துவிட்டது. அடுத்து வருவது நன்றாக இருக்குமா, சுமாராக இருக்குமா என்று தெரியாத நிலைதான் விரலை விடாமல் தள்ளவைக்கிறது. எப்போது பரிசு விழும் என்று தெரியாத ஆட்டத்தை விட்டு எழுவது கடினம். பெரிய நிறுவனங்கள் ஆள்வைத்துச் செய்த ஏற்பாட்டை ஒற்றை ஆள் வெறும் வைராக்கியத்தால் ஜெயிக்க வேண்டும் என்று சொல்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இனி வடசென்னைக்கே உரிய ஒரு கவலை: சத்தம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும் உறுமல், சரக்கு ரயில், பட்டறை. 'இந்தச் சத்தத்தில் எப்படி எழுதுவது?' என்று பலர் கேட்பார்கள். ஆய்வுகள் சொல்வது கொஞ்சம் ஆறுதலானது. ஒரே சீராக ஓடும் இரைச்சல், வார்த்தைகளையும் எண்களையும் மனதில் நிறுத்தும் வேலையை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. கெடுப்பது பேச்சு. 1976இல் கோல், வெல்ஷ் என்ற இருவர் செய்த சோதனையில், கேட்பவர்களுக்குப் புரியாத அந்நிய மொழிப் பேச்சுகூட நினைவாற்றலைக் குலைத்தது. ஆகவே ஜன்னலுக்கு வெளியே நிற்கும் லாரியைவிட, முதுகுக்குப் பின்னால் ஓடும் டிவி சீரியல்தான் எழுதுகிறவருக்குப் பெரிய இடைஞ்சல். மின்விசிறியை வேகமாக வைத்தால் அந்தப் பேச்சு சற்று மங்கும். சீரியல் நேரம் முடிந்த பிறகு உட்கார முடிந்தால் இன்னும் நல்லது. லாரியை நம்மால் நிறுத்த முடியாது, டிவியைப் பற்றிப் பேசி முடிவெடுக்க முடியும்.

கூட்டத்துக்கு நடுவிலும் ஒருவருக்கு அமைதி கொடுக்க இந்த ஊருக்குத் தெரியும். சாயங்காலம் ஏதாவது ஒரு கேரம் கிளப் வாசலில் நின்று பாருங்கள். பலகைக்கு மேலே தொங்கும் பல்பு, சுற்றிலும் தோளோடு தோள் இடித்து நிற்கும் ஆட்கள், கடைசிக் காய், சிவப்பு இன்னும் பலகையில். ஸ்டிரைக்கரில் விரல் வைத்ததும் பேச்சு நின்றுவிடும். அடித்த பிறகுதான் கத்தல். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புது வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுநரின் மகள். அவருக்கு முன்னால் மரிய இருதயம், வியாசர்பாடி இளவழகி என்று உலக வெற்றியாளர்களைத் தந்த ஊர் இது. ஆடுகிறவர்களுக்கு நாம் கொடுக்கும் இந்த மரியாதையை, வீட்டு மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் கொடுக்கலாம். அவர்களுடைய ஆட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அதனால்தான் 'சும்மாதானே இருக்க, கடைக்குப் போய்ட்டு வா' என்று சொல்லிவிடுகிறோம்.

வள்ளலார் வரலாற்றிலும் இப்படி ஒரு வீட்டார் உண்டு. ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெரு வீட்டில், பள்ளிப் படிப்பில் ஒட்டாத தம்பிமீது அண்ணன் சபாபதிக்குக் கோபம். சோறு போடக்கூடாது என்றே சொல்லிவிட்டார். அண்ணி பாப்பாத்தி அம்மாள்தான் மறைவாகச் சாப்பாடு கொடுத்தார். அவர் கண் கலங்கிக் கேட்டுக்கொண்ட பிறகு, படிக்கிறேன் என்று சம்மதித்த சிறுவன் தனக்கென்று மாடி அறையைக் கேட்டு வாங்கினான். அங்கே கண்ணாடியை மாட்டி, விளக்கேற்றி, அதன்முன் அமர்ந்து தியானித்ததாக வரலாறு சொல்லும். அங்கிருந்துதான் திருவொற்றியூர் கோயிலுக்கு ஓயாமல் போய்வந்தார். வடிவுடை அம்மன்மேல் அவர் பாடிய மாணிக்க மாலை இன்றும் அந்தச் சன்னதியில் ஒலிக்கிறது. நாராயண அய்யர் மாடியும் இந்த மாடியும் ஒன்றுதான்: மற்றவர் கொடுத்த இடம்.

போனை என்ன செய்வது? மேஜையில் போன் இருந்தாலே யோசிக்கும் திறன் கொஞ்சம் குறைகிறது, வேறு அறையில் வைத்தால் தேவலை என்று 2017இல் ஏட்ரியன் வார்டும் கூட்டாளிகளும் எழுதினார்கள். பிறகு வந்த சில ஆய்வுகளில் அந்த விளைவு அத்தனை தெளிவாகத் தெரியவில்லை. ஆனாலும் எட்டாத இடத்தில் இருக்கும் போனை எடுக்க எழுந்து போக வேண்டும், அந்தச் சிரமமே பாதி உதவி. வேறு அறை இல்லாத வீட்டில் பீரோவோ அரிசி டிரம்மோ போதும். அம்மா கையில் கொடுத்துவிடுவது அதைவிட நல்லது.

அணைத்தே வைக்கச் சொல்வது நம் பக்கத்து நிலைமைக்கு ஒத்துவராது. ஒப்பந்த வேலையில் இருப்பவருக்கு ஷிப்டுக்கு வரச்சொல்லி எந்த நேரத்திலும் அழைப்பு வரும். கடலுக்குப் போன ஆள் கரை சேர்ந்ததைச் சொல்லக் கூப்பிடலாம். அதனால் அழைப்பையும் இணையத்தையும் பிரித்துவிடுங்கள். வேலைக்கான சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு அருகில் வைத்துக்கொள்ளலாம். அது முடியாதவர்கள் டேட்டாவை அணைத்துவிட்டு, தொந்தரவு செய்யாத முறையில் மூன்று நான்கு எண்ணுக்கு மட்டும் வழிவிடலாம். வாட்ஸ்அப்பில் நீல டிக்கை நிறுத்திவைத்தால், பார்த்துவிட்டுப் பதில் போடவில்லையே என்ற கடன் உணர்ச்சியும் குறையும்.

இவ்வளவு செய்தாலும் குறுக்கீடு வரும், பெண்களுக்கு இன்னும் அதிகமாக வரும். தண்ணி லாரி வந்துவிட்டது, கேஸ் வந்துவிட்டது, குழந்தை எழுந்துவிட்டது. எழுதும் பெண்ணிடம் கதவைச் சாத்து என்பதில் பொருளே இல்லை. அவர்களுக்குப் பயன்படும் ஒன்றை லெராயும் தெரேசா குளோம்பும் 2018இல் ஆராய்ந்தார்கள். எழுந்து போவதற்கு முன் ஒரு நிமிடத்துக்குள், எங்கே நிற்கிறேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்யப் போகிறேன் என்று எழுதிவைத்தவர்கள், அடுத்த வேலையிலும் மனம் ஒன்றிச் செய்தார்கள். தண்ணி லாரி ஹாரன் கேட்டதும் குடத்தைத் தூக்குவதற்கு முன் நோட்டில் ஒரு வரி: 'பாட்டி வாசலில் நிற்கிறாள், கோபமாக இல்லை, அடுத்து அவள் பேச வேண்டும்.' அரை மணி கழித்து வந்தாலும் கதை அங்கேயே காத்திருக்கும். இந்த வரிக்கு நோட்டும் பேனாவும்தான் சரி. போனில் எழுதப் போனால் அது வேறு எங்காவது கூட்டிக்கொண்டு போய்விடும்.

தொடக்கத்தில் நாற்பது நிமிடம் போதும், தினமும் அதே நேரத்தில். நேரம் மாறாமல் இருந்தால் வீட்டாருக்கும் பழகிவிடும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. ஷிப்ட் மாறுகிறவர்கள் கடிகார நேரத்தை விட்டுவிட்டு, 'வேலை முடிந்து குளித்த பிறகு' என்பதுபோல வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் வழியே இல்லாதவர்களுக்குப் பொது இடம் வேண்டும். 2024 நவம்பர் 4ஆம் தேதி கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' என்ற பொது இடத்தைத் திறந்தார்கள். உட்கார்ந்து வேலை செய்யவும் படிக்கவும் இடம் கிடைக்கிறது. வடசென்னை வளர்ச்சித் திட்டத்தில் நடந்த நல்ல காரியங்களில் இதை முதலில் வைப்பேன். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என ஒவ்வொரு பகுதியிலும் நடந்து போகும் தூரத்தில் இப்படி ஒன்று வர வேண்டும், ஷிப்ட் முடிந்து வருகிறவருக்காக இரவு பத்து மணி வரை திறந்திருக்க வேண்டும். மாநகராட்சி இதை விளக்குக் கம்பத்தைப் போல அடிப்படை வசதியாக எண்ண வேண்டும்.

அதுவரை, உங்கள் வீட்டில் எழுதுகிற, வரைகிற, இசை அமைக்கிற ஒருவர் இருந்தால் இன்று ராத்திரி சாப்பிடும்போது கேளுங்கள்: 'உனக்கு எந்த நேரம் வேணும்?' அவர் சொல்லும் நேரத்தில் டிவியை நிறுத்தி, அவர் போனை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டு, அந்த நாற்பது நிமிடம் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் இருங்கள்.