பேட் பைண்டர்: மருந்து இருந்தும் போனுக்கு வராத கதை

இன்னைக்கு சிவிஇ-2019-2215. பேர் வாயில நுழையலைன்னா 'பேட் பைண்டர்'னு வெச்சுக்கோங்க.

ஆண்ட்ராய்டுல ஒரு ஆப் இன்னொண்ணோட பேசணும்னா, பைண்டர்ங்கிற கெர்னல் டிரைவர் வழியாத்தான் போகணும். அதனால எந்த ஆப்பும் அதைத் தொடலாம். குரோம் பிரவுசரோட சாண்ட்பாக்ஸ் உள்ளேயிருந்துகூட.

பைண்டரைத் தொடுற ஒவ்வொரு த்ரெட்டுக்கும் கெர்னல் கொஞ்சம் மெமரி ஒதுக்கும். அதுக்குள்ளயே ஒரு காத்திருப்பு வரிசை. 'செய்தி வந்தா என்னை எழுப்பு'ன்னு ஈபோல் அந்த வரிசையோட முகவரியைக் குறிச்சு வெச்சுக்கும். த்ரெட் கிளம்பினதும் பைண்டர் மெமரியை விடுவிச்சிடும். ஈபோல்கிட்ட மட்டும் யாரும் சொல்லல.

வாடகை வீட்டைக் காலி பண்ணிட்டீங்க, கூரியர் ஆப்ல பழைய அட்ரஸ் அப்படியே இருக்குன்னு வைங்க. பார்சல் அங்கதான் போகும். புதுசா குடிவந்தவர் நல்லவரா இருந்தா போன் பண்ணுவார். இங்க தாக்குறவர் வேணும்னே அந்த வீட்டைப் பார்த்து குடிவர்றார். ஈபோல் வரிசையிலிருந்து விலகும்போது எழுதுற கெர்னல் முகவரி நேரா அவர் கையில விழுது. அதை வெச்சு, ஒரு ப்ராசஸ் எதுவரை மெமரியைத் தொடலாம்கிற எல்லையையே மாத்திடலாம். அப்புறம் போன் மொத்தமும் அவருடையதுதான்.

எனக்குக் கடுப்பாகுற இடம் இனிமேதான். இந்த பக்கை 2017 நவம்பர்லயே சிஸ்பாட்ங்கிற தானியங்கி டெஸ்ட் கருவி பிடிச்சிடுச்சு. 2018 பிப்ரவரியில லினக்ஸ்ல சரிபண்ணியாச்சு, சில வரி கோட்தான். ஆனா அதுக்கு சிவிஇ நம்பர் குடுக்கல, ஆண்ட்ராய்டு செக்யூரிட்டி புல்லட்டின்லயும் சேர்க்கல. சாதாரண பக் ஃபிக்ஸ் மாதிரி கமிட் லாக்ல தூங்கிடுச்சு. கூகுளோட சொந்த பிக்ஸல் 2-லயே ஓட்டை அப்படியே இருந்தது. சாம்சங் எஸ்8, ரெட்மி நோட் 5 எல்லாம் அதே பட்டியல்தான்.

2019 செப்டம்பர் கடைசியில ப்ராஜெக்ட் ஜீரோவோட மேடி ஸ்டோன், இதை யாரோ ஏற்கெனவே பயன்படுத்துறாங்கன்னு தெரிஞ்சு ரிப்போர்ட் பண்ணினாங்க. வழக்கமான 90 நாள் இல்ல, 7 நாள்தான் கெடு. இஸ்ரேலோட என்எஸ்ஓ குரூப் பேர் அடிபட்டுச்சு, அவங்க மறுத்தாங்க. 2020 ஜனவரியில, போட்டோ ஆப் வேஷத்துல ப்ளே ஸ்டோர்லயே இருந்த ஒரு ஆப் இதே ஓட்டையைப் பயன்படுத்தினதை ட்ரெண்ட் மைக்ரோ கண்டுபிடிச்சது.

அந்தக் காலத்து போன் வீட்டுல அம்மா கையில ஓடிட்டிருந்தா, செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி பேட்ச் தேதியைப் பாருங்க. 2019 அக்டோபர் 6-க்கு முந்தினதா இருந்தா, முதல்ல அதுல இருக்கிற பேங்க் ஆப்பைத் தூக்குங்க.