தகட்டில் எங்கே வெடிப்பு?

மண்பானை வாங்குகிறவர்கள் அதைச் சுண்டிப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. இல்லையேல் கீறல் விட்ட பானை. கீறல் எந்த இடத்தில் என்பதை அந்த ஒலி சொல்லாது. பானைக்கு அது போதும், விமானத்துக்குப் போதாது.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கு மேல், 24,000 அடி உயரத்தில், அலோகா ஏர்லைன்ஸின் போயிங் 737 விமானத்தின் மேற்கூரைத் தகடு சுமார் 18 அடி நீளத்துக்குப் பிய்ந்து போயிற்று. விமானம் தரையிறங்கிவிட்டது, ஆனால் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். தகடுகளின் இணைப்பில் பசை விட்டுப்போய், ரிவெட் துளைகளை ஒட்டி வெடிப்புகள் பெருகியிருந்தன.

இத்தகைய வெடிப்பைத் தேட, வழக்கமான மீயொலிச் சோதனையில் கருவியைத் தகட்டின் மேல் அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். வேறொரு வழியும் உண்டு. மெல்லிய தகட்டில் எழுப்பும் மீயொலி அலை, மேல்பரப்புக்கும் கீழ்ப்பரப்புக்கும் இடையே அகப்பட்டு, தகட்டின் வழியாகவே நெடுந்தூரம் ஓடும். இதை 1917-ல் ஹொரேஸ் லாம்ப் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார். அதனால் இவை லாம்ப் அலைகள் எனப்படுகின்றன.

தகட்டில் நாணயம் போன்ற அழுத்தமின் வில்லைகள் சிலவற்றை ஒட்டுகிறார்கள். மின்துடிப்பு தந்தால் வில்லை அதிரும். அதிர்வு வந்தால் மின்சாரம் தரும். ஆகவே வாயும் அதுவே, காதும் அதுவே. தகடு நன்றாக இருக்கும்போது ஒரு பதிவு எடுத்து வைக்கிறார்கள். பின்னர் எடுக்கும் பதிவிலிருந்து அதைக் கழித்தால், எஞ்சுவது புதிதாகத் தோன்றிய வெடிப்பின் எதிரொலி.

அலையின் வேகம் நொடிக்கு 5 கிலோமீட்டர் என்று கொள்வோம். அதாவது, மைக்ரோ நொடிக்கு 5 மில்லிமீட்டர். எதிரொலி 120 மைக்ரோ நொடியில் வந்தால், அலை கடந்த மொத்தத் தூரம் 600 மில்லிமீட்டர். இரண்டு வில்லைகளும் 400 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கட்டும். அவ்விடங்களில் ஆணி அடித்து, 600 மில்லிமீட்டர் நூலின் முனைகளைக் கட்டி, பென்சிலால் நூலை இழுத்துப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். கிடைப்பது நீள்வட்டம். வெடிப்பு அதன்மேல் எங்கோ இருக்கிறது. வேறு வில்லை இணைகள் வேறு நீள்வட்டங்களைத் தரும். எல்லாம் கூடும் இடமே வெடிப்பு! கணிப்பொறி இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படமாக்குகிறது. வெடிப்பு ஒளிப்புள்ளியாகத் தெரிகிறது.

இதிலும் இடர்கள் உண்டு. வெப்பம் மாறினால் அலையின் வேகம் மாறும். காலைப் பதிவை நண்பகல் பதிவிலிருந்து கழித்தால் இல்லாத வெடிப்பும் தோன்றும். ஆகவே பல வெப்பநிலைகளில் பதிவுகள் எடுத்து வைக்கிறார்கள். மேலும், 2 லட்சம் ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் நம் அலையின் நீளம் 25 மில்லிமீட்டர். அதைவிட மிகச் சிறிய வெடிப்பின் எதிரொலி மெலிந்திருக்கும். அதிர்வெண்ணைக் கூட்டினாலோ, வெவ்வேறு வேகமுள்ள பலவகை அலைகள் கிளம்பிக் குழப்பும்.

எனவே படத்தில் ஒளிப்புள்ளி தோன்றியதும், சோதனையாளர் பழைய கருவியை அந்த ஓரிடத்தில் மட்டும் வைத்து நுணுக்கமாகச் சோதித்து உறுதி செய்ய வேண்டும்.