கழன்று விழ வேண்டிய பட்டை

நாய்க்குக் கட்டும் கழுத்துப்பட்டை எவ்வளவு இழுத்தாலும் அவிழக் கூடாது. பூனைக்குக் கட்டுவது அவிழ்ந்தே ஆக வேண்டும். மிச்சத் துணியை எடுத்துக்கொண்டு பூனைக்குப் பட்டை தைக்க உட்காருகிறவர்கள் நிறத்தையும் மணியையும்தான் முதலில் யோசிக்கிறார்கள். அதற்கு முன்னால் யோசிக்க வேண்டியது, அந்தப் பட்டை எந்த இடத்தில், எவ்வளவு இழுப்பில் விட்டுக்கொடுக்கும் என்பதைத்தான்.

பூனை ஏறும், தாவும், சந்துபொந்தில் எல்லாம் நுழையும். அதன் காறை எலும்பு மிகச் சிறியது. மற்ற எலும்புகளோடு மூட்டாகச் சேராமல் தசைக்குள் தனியாகக் கிடக்கிறது. அதனால்தான் தலை நுழைகிற இடைவெளியில் தோளும் நுழைந்துவிடுகிறது. உடல் புகுந்து போன இடத்தில் பட்டை மட்டும் கம்பியிலோ கிளையிலோ மாட்டிக்கொண்டால் பூனை தொங்க வேண்டியதுதான்.

இறுக்கினால்தானே ஆபத்து என்று தளர்வாகக் கட்டுவது இன்னொரு வினை. பட்டையைக் கழற்றப் பார்க்கும்போது முன்னங்கால் அதற்குள் நுழைந்துவிடும். பட்டை அக்குளுக்கு இறங்கி, பூனை நடக்க நடக்க அறுக்கும். கால்நடை மருத்துவர்கள் அஞ்சும் புண்களில் இதுவும் ஒன்று. அக்குள் தோல் ஒவ்வோர் அடிக்கும் அசைவதால் போட்ட தையல் பிரியும், மாதக்கணக்கில் ஆறாது. சில பூனைகளுக்கு வயிற்றைத் திறந்து, குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வை அதன் ரத்தக்குழாய்களோடு தோலுக்கடியில் இழுத்துவந்து புண்ணுக்குள் வைத்துத் தைக்கிறார்கள். அந்தச் சவ்வு கொண்டுவரும் ரத்த ஓட்டம்தான் புண்ணை ஆற்றுகிறது. எலாஸ்டிக் வைத்துவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தலை வெளியே வருமளவுக்கு நீளும் எலாஸ்டிக், கால் உள்ளே போகுமளவுக்கும் நீளும்.

பயந்து பட்டையே வேண்டாம் என்று ஒதுக்கவும் தேவையில்லை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா லார்ட் குழுவினர் 538 பூனைகளுக்கு மூன்று வகைப் பட்டைகளைக் கட்டி ஆறு மாதம் கவனித்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். 391 பூனைகள் கடைசிவரை பட்டையோடு இருந்தன. கால் சிக்கியது, வாயிலோ வேறு பொருளிலோ பட்டை மாட்டியது எல்லாம் சேர்த்து 18 பூனைகளுக்குத்தான்.

இனி தையலுக்கு வருவோம். ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் பருத்தித் துணியை நீளவாக்கில் வெட்டுங்கள். கிராஸ் பீஸ் வேண்டாம், நாளாக நாளாக நீண்டுவிடும். இரண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடித்து, மறுபடி இரண்டாக மடித்துத் தைத்தால் ஒன்றேகால் சென்டிமீட்டர் அகலத்தில் நான்கு மடிப்புப் பட்டை கிடைக்கும். வெட்டிய ஓரம் முழுவதும் உள்ளே போய்விடுவதால் கழுத்தை உறுத்தாது. நூலால் கழுத்தைச் சுற்றி அளவெடுங்கள். கட்டிய பின் பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைவிடக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

கொக்கியில்தான் கவனம் தேவை. பள்ளிக்கூடப் பையில் இருக்கும் பிளாஸ்டிக் கிளிப் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் அழுத்தினால் ஒழியத் திறக்காதபடி செய்யப்பட்டது அது. பூனைக்கென்று விற்கும், இழுத்தால் தானே திறந்துகொள்ளும் கொக்கியைத்தான் வாங்க வேண்டும். அதையும் சோதிக்காமல் கட்டக் கூடாது. 3 கிலோ பூனை ஒன்று பட்டையோடு தொங்குவதாக வைத்துக்கொள்வோம். வளையத்தின் இரண்டு பக்கமும் எடையைப் பங்கிட்டுக்கொள்வதால், ஒரு பக்கத்தில் இருக்கும் கொக்கிக்கு வருவது சுமார் ஒன்றரைக் கிலோ இழுப்பு. மூன்று கிலோ இழுப்புக்குத்தான் திறப்பேன் என்கிற கொக்கியால் அந்தப் பூனைக்குப் பயனில்லை. ஆகவே பட்டையைப் பூட்டிக் கதவுக் கைப்பிடியில் மாட்டுங்கள், கொக்கி பக்கவாட்டில் இருக்கட்டும். வளையத்தின் அடியில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு, கிலோ உப்புப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் போடுங்கள். 3 கிலோ பூனைக்கு இரண்டாவது பொட்டலத்திலேயே திறந்துவிட வேண்டும். குட்டிகளின் எடைக்கு இப்படித் திறக்கும் கொக்கி அரிது, கழுத்தும் வேகமாகப் பெருக்கும். வளர்ந்த பிறகு கட்டினால் போதும்.

மணி கட்டினால் பறவைகள் தப்பிக்குமா? பிரிட்டனில் 2002-இல் வெளியான ஆய்வில் மணி கட்டிய பூனைகள் கொண்டுவந்த இரை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதே நாட்டில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 355 பூனைகளை வைத்து 2021-இல் வெளியிட்ட ஆய்விலோ மணியால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. பலன் தந்தது வண்ணம். பட்டையின் மேல் பளிச்சென்ற துணி உறையை மாட்டியபோது, பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. எலி போன்ற பாலூட்டிகளின் எண்ணிக்கை குறையவில்லை. காரணம் கண்ணில் இருக்கிறது: பறவைகளுக்கு நான்கு வகை நிற உணர்செல்கள், பதுங்கிவரும் பூனையின் உறையிலுள்ள சிவப்பும் மஞ்சளும் தூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும். எலியின் நிறப்பார்வை மங்கல். வீட்டில் தைப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை. பழைய புடவை ஓரத்திலேயே அந்த உறையைச் சுருக்கி வைத்துத் தைத்துவிடலாம். உறை கொக்கியை மூடாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்ணி வராமலிருக்கப் பட்டையை நீலகிரித் தைலத்திலோ வேறு வாசனை எண்ணெயிலோ தோய்க்கும் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். இத்தகைய பொருட்களை உடைத்து வெளியேற்ற நம் கல்லீரல் பயன்படுத்தும் முக்கியமான நொதி ஒன்று பூனைக்கு வேலை செய்வதில்லை. நாய்களுக்கான பெர்மெத்ரின் உண்ணி மருந்தையும் தடவாதீர்கள், அது பூனையைக் கொல்லக்கூடியது.

தொலைபேசி எண்ணைத் தகட்டில் தொங்கவிடாமல் துணியிலேயே எம்பிராய்டரி செய்துவிட்டால் மாட்டிக்கொள்ள ஒரு பொருள் குறைகிறது. முதல்முறை சாப்பாடு வைப்பதற்குச் சற்று முன்பு கட்டுங்கள், கவனம் தட்டுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை பட்டையைக் கழற்றி, அடியில் முடி உதிர்ந்திருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா என்று விரலால் விலக்கிப் பாருங்கள்; கொக்கியையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.