உங்கள் தெருவுக்கு எவ்வளவு பெரிய வடிகால் வேண்டும்?

'நுங்கம்பாக்கத்தில் 10 செ.மீ. மழை' என்று நாளிதழில் படிக்கிறோம். அது 24 மணி நேரக் கணக்கு. வடிகால் வடிவமைக்கும் பொறியாளருக்கு அது போதாது. நாள் முழுக்கத் தூறியதா, ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்ததா என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் பெய்தால், நிமிடத்துக்குச் சுமார் 90 லிட்டர் குழாய் வழியே இறங்கும். 15 லிட்டர் குடத்தில் ஆறு குடம்!

மூன்று எண்கள்

சிறிய பகுதிகளுக்கு இன்றும் பரவலாகப் பயன்படுவது 'ரேஷனல் முறை'. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் பணியாற்றிய பொறியாளர் எமில் குய்ச்லிங் 1889-இல் இதை விளக்கி எழுதினார். நிலப்பரப்பு, மழையின் தீவிரம், மண்ணுக்குள் போகாமல் வழிந்தோடும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கினால் வடிகாலுக்கு வரும் நீரின் உச்ச அளவு கிடைக்கும்.

ஒரு ஹெக்டேர் தோப்பை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 மி.மீ. மழையில் 0.3 பங்கு வழிந்தோடினால், நொடிக்கு 50 லிட்டர் வரும். அதே இடம் வீடும் சிமென்ட் தரையுமாகி, பங்கு 0.9 ஆனால், 150 லிட்டர். மழை அதேதான், தண்ணீர் மூன்று மடங்கு.

எந்த மழைக்கு?

பகுதியின் கடைக்கோடியில் விழுந்த நீர் வடிகாலின் முனைக்கு வந்து சேர 20 நிமிடம் ஆகிறது என்றால், 20 நிமிட மழையின் தீவிரத்தையே கணக்கில் எடுப்பார்கள். அப்போதுதான் எல்லாப் பக்கத்து நீரும் ஒன்றாக வந்து சேரும். எவ்வளவு அரிதாக வரும் மழைக்குக் கட்டுவது என்பதையும் முடிவு செய்ய வேண்டும். 'ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை' வரும் மழை என்றால், எந்த ஓர் ஆண்டிலும் அது வர 20 சதவீத வாய்ப்பு உண்டு. அதை மிஞ்சிய மழையில் சரியாகக் கட்டிய வடிகாலும் நிரம்பி வழியலாம்.

சிமென்ட் தரையில் நீர் வேகமாக ஓடும். 20 நிமிடம் 10 ஆகக் குறையலாம். குறுகிய நேர மழைக்குத் தீவிரம் அதிகம் என்பதால் கணக்கில் அந்த எண்ணும் ஏறும். மண்ணை மூடினால் அடி இரண்டு பக்கமும் விழுகிறது.

பரந்த நீர்ப்பிடிப்புப் பகுதிகளுக்கு, நேரத்தோடு வெள்ளம் ஏறி இறங்குவதைக் காட்டும் கணினி மாதிரிகள் தேவை. ஆனால் எந்த முறையானாலும், வடிகால் கட்டிய நாளில் இருந்த தரையை வைத்துப் போட்ட கணக்கே அது. பிறகு ஒவ்வொரு வாசலும் பூசப்படும்போது கணக்கு மாறுகிறது, வடிகாலின் அகலம் மாறுவதில்லை. மழையின் தீவிரம் நம் கையில் இல்லை. வாசலில் ஒரு முழம் மண்ணை விட்டுவைப்பது நம் கையில் இருக்கிறது.