கிணற்று நீரும் களர் நிலமும்

நன்கு விளைந்துவந்த நிலம், சில வருஷங்கள் கிணற்றுப் பாசனம் செய்தபின் களராய்ப் போவதுண்டு. இதன் காரணம் நீரின் இயல்பிலேயே அடங்கியிருக்கிறது.

ஹைட்ரஜன் அணு இரண்டும் ஆக்ஸிஜன் அணு ஒன்றும் கூடியதே நீர். பலவகை உப்புக்களைத் தன்னுள் கரைத்துக்கொள்வது இதன் விசேஷ குணமாகும். பயிர் மண்ணிலுள்ள சத்துக்களை வேர் வழியே உட்கொள்வது இக்குணத்தினாலேயே. ஆயினும், மண்ணிலும் பாறையிலும் ஊறி இறங்கும் மழைநீர், ஆங்காங்குள்ள உப்புக்களையும் கரைத்துக் கிணற்றில் சேர்க்கிறது. வெயிலில் ஆவியாவது நீர் மாத்திரமே. உப்பு நிலத்தில் தங்கிவிடும். லிட்டருக்கு 1 கிராம் உப்புள்ள நீரை ஓர் ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரம் பாய்ச்சினால், ஒரு பாய்ச்சலிலேயே சுமார் 200 கிலோகிராம் உப்பு சேரும்.

உப்புக்களில் சோடியம் மிகுந்தால் களிமண் துகள்கள் பிரிந்து மண்ணின் துளைகளை அடைக்கும், நீர் உள்ளிறங்காது, காய்ந்தால் நிலம் இறுகும். இதற்கு ஜிப்சம் இட்டு, நல்ல நீரைத் தேக்கி வடித்தல் வேண்டும். ஜிப்சத்திலுள்ள கால்சியம் மண்ணில் சோடியத்தின் இடத்தைக் கொள்ள, சோடியம் நீரோடு கழியும். வடிகால் இல்லாவிடில் இம்முயற்சி வீணாகும்.

ஆதலால் நிலமுடையோர் கிணற்று நீரையும் மண்ணையும் பரிசோதித்தறிந்து பாசனம் செய்வதும், கிராம அதிகாரிகள் வடிகால் வாய்க்கால்கள் தூர்ந்துபோகாமல் கவனிப்பதும் அவசியமாகும்.