உக்கிராணக்காரனும் தொழிற்சாலையும்



நம் மருத்துவமனையைத் தாங்கிவரும் உங்களில் பலர் ஓசூர் சிப்காட் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள். "நீடித்த வளர்ச்சி என்று கம்பெனியில் அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன ஐயா?" என்று உங்களில் ஒரு சகோதரர் கேட்டார். வேதத்தில் உக்கிராணக்காரன் என்று வாசிக்கிறோமே, அந்த வார்த்தையே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. எஜமானுடைய பொருளை வைத்து அவன் வேலை செய்யலாம். அதை அழிக்க அவனுக்கு அதிகாரமில்லை.

நம் பகுதியில் அந்தப் பொருள் தண்ணீர். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுநீரையும் சுமந்துகொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழைக்காலத்தில் மதகுகளைத் திறந்தால் வெண்ணுரை மலைபோல் எழும்புகிறது. சோப்புத்தூளும் சாக்கடையும் ஆலைக்கழிவும் சேர்ந்து செய்கிற வேலை அது. யாரைக் கேட்டாலும் தான் இல்லை என்பார்கள். அந்தத் தண்ணீர்தான் நம் விவசாயிகளின் வயலுக்குப் பாய்கிறது.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அந்த லாபம் எப்படி வந்தது என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. ஜூன் 5ஆம் தேதி மரக்கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதும் அப்படித்தான்.

வழி ஓசூருக்குத் தெரியாததல்ல. டி.வி.எஸ். மோட்டார் 2002இல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. தரம் என்பது கடைசியில் நிற்கும் இன்ஸ்பெக்டரின் வேலை மட்டுமல்ல, ஒவ்வொரு தொழிலாளியின் அன்றாட வேலை என்பதே அந்த முறையின் சாரம். ஒழுகும் குழாயையும் சிந்தும் எண்ணெயையும் அதே கண்ணோடு பார்க்கலாமே. கம்ப்ரசர் குழாயில் 'உஸ்' என்று கசிகிற காற்றும் மின்சாரம்தான்.

நாங்களும் இதைப் பட்டுத்தான் கற்றோம். மருத்துவக் கழிவுகளுக்கு 1998இல் விதிகள் வந்தன. 2016இல் அவை திருத்தி எழுதப்பட்டன. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று பிரித்துப் போடவேண்டும். சுற்றறிக்கை ஒட்டினோம், கூட்டம் போட்டோம். ஆனாலும் ஊசி தவறான பையில் கிடந்தது. துப்புரவு செய்யும் சகோதரி ஒருவரின் விரலில் குத்திவிட்டது. பரிசோதனைகள் முடியும்வரை மாதக்கணக்கில் அவரோடு ஜெபித்துக் காத்திருந்தோம். கர்த்தருடைய கிருபையால் தீங்கில்லை. அதன்பின், வார்டு மூலையில் இருந்த வெள்ளை டப்பாவை நர்சின் தள்ளுவண்டிக்கே மாற்றினோம். ஊசி போட்ட கையே அதை டப்பாவிலும் போட்டது. சுற்றறிக்கைக்கு வேலையில்லாமல் போயிற்று.

அடுத்தது எங்கள் சலவைக்கூடத்துச் சோப்புநீர். நுரையைப் பற்றி எழுதிவிட்டு அதைச் சொல்லாமலிருந்தால் நியாயமாகாது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் பழகியவர்கள் உங்களில் இருப்பீர்கள். யாராவது ஒரு சனிக்கிழமை வந்து பார்த்து யோசனை சொல்லுங்கள். காணிக்கையைப் போலவே அதையும் ஏற்றுக்கொள்வோம்.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்